அரசாங்கத்துக்குக் கொசுறு கொடுத்த அண்ணன்

எங்கள் அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து, இலையில் உட்காருவதற்கு முன்னால் இந்தச் சிறு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். ஆளுக்கு ஒரு பக்கம் எழுதினால் போதும் என்று அண்ணி சொல்லியிருந்தார்கள். எனக்கு வாய் ஜாஸ்தி என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். எழுத உட்கார்ந்த பிறகுதான் பேனாவும் அப்படியே என்று தெரிந்தது. அச்சகத்துக்காரர் முகத்தைச் சுளித்தார். படம் போட வைத்திருந்த பக்கங்களையும் எனக்கே கொடுத்துவிடுங்கள் என்று வாங்கிக்கொண்டேன். அண்ணனின் படத்தை நீங்கள் எல்லோரும் நிறையப் பார்த்திருக்கிறீர்கள். நான் சொல்லப் போகும் கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அண்ணன் அவர்கள் பிறந்தது புதுச்சேரிக் கடற்கரையோரம், மீனவர் குடியிருப்பில். அப்பா பங்குக்குப் படகில் போய் வந்தவர். அம்மா மீன் கூடையைத் தலையில் வைத்துத் தெருத் தெருவாக விற்றவர். மூத்த பிள்ளை, ஒரே ஆண்பிள்ளை, கடலுக்குத்தான் போக வேண்டும் என்று எல்லோரும் எழுதியே வைத்திருந்தார்கள். ஆனால் படகில் ஏறிய அரை மணி நேரத்தில் அண்ணனுக்குக் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வரும். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை, ஏறிய ஒவ்வொரு தடவையும். பழகிவிடும் என்று அப்பா விடாமல் அழைத்துப் போய்ப் பார்த்தார். பழகவே இல்லை. மீனவன் மகனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெருவே சிரித்தது. அண்ணன் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. பேசாமல் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படிக்கச் சேர்ந்துவிட்டார்.

"கடல்ல நிக்க முடியாதவன் நெருப்புல நிக்கப் போறானாம்," என்று அப்பா ஒரு வருடம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் முதல் சம்பளத்தில் அண்ணன் வீட்டுக்கு இரும்புக் கேட் செய்து மாட்டியதும், வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி அந்தக் கேட்டைத் திறந்து மூடிக் காட்டியவர் அதே அப்பாதான்.

அம்மாவிடமிருந்து அண்ணனுக்கு ஒரே ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. அம்மா எடை போட்டு மீனைக் கொடுத்த பிறகு, கூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி காரப்பொடி மீனை அள்ளி மேலே போடுவார். வாங்குகிறவர் கேட்கவே வேண்டாம். கேட்டால்தான் கோபம் வரும். "கேட்டு வாங்கறதுக்குப் பேரு கொசுறு இல்ல," என்பார். அண்ணன் தட்டாஞ்சாவடியில் சொந்தமாக ஒரு ஷெட் பிடித்துப் பட்டறை போட்டபோது, ஜன்னல் கிரில் வாங்க வந்தவருக்கு ஒரு துணிக்கொடிக் கொக்கி, கேட் வாங்கியவருக்கு ஒரு பூட்டுக் கொண்டி என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்துத்தான் வண்டியில் ஏற்றுவார். நாங்கள் குடியிருக்கும் சாரம் பகுதியில் இன்று பல வீடுகளில் மாடியில் துணி காய்வது எங்கள் அண்ணனின் கொசுறுக் கொக்கியில்தான்.

அவருடைய கடைசி நாட்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிறுநீரகம் பழுதாகி ஒரு வருடத்துக்கு மேல் போராடினார். கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கும் சாரத்து வீட்டுக்குமாக அண்ணி அலைந்தது எங்கள் கண்ணிலேயே நிற்கிறது. படுக்கையில் இருந்தபோதும் அண்ணன் சும்மா இருக்கவில்லை. கட்டிலின் காலைத் தட்டிப் பார்த்து, "இத்த எவன் பத்தவெச்சான்? ஜாயிண்ட்ட ஒட்டாம வுட்டுருக்கான் பாரு," என்று நர்ஸ் அம்மாவிடம் குறை சொன்னார். போவதற்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டு, கையிலிருந்த அரசு ஆர்டர் பாதியில் நிற்கிறதே, தேதிக்கு முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டார். வலியில்லாமல் போனார். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது நான் எழுத வந்ததை எழுதுகிறேன். நம் உறவில் நாலைந்து பிள்ளைகள் சொந்தமாகத் தொழில் தொடங்கியிருக்கிறார்கள். பெரியப்பா பேரன் பெயிண்டிங் கான்ட்ராக்ட் எடுக்கிறான். சின்னத்தை பேத்தி யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிறாள். எங்கே பார்த்தாலும், "அத்தே, கவர்மென்ட் டெண்டர் போடலாமா, வம்பா?" என்று என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். போடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் போடுவதற்கு முன்னால், எங்கள் அண்ணன் முதல் ஆர்டரில் என்ன செய்துவைத்தார் என்று படித்துவிட்டுப் போடுங்கள்.

நான் பி.காம். முடித்து, கல்யாணமாகி, பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் பட்டறையில் வந்து உட்கார்ந்துவிட்டேன். கூட்டுத் தொழிலாகப் பத்திரம் எழுதலாம், உன் பெயர் ஒன்று, என் பெயர் ஒன்று என்று நான்தான் அடம் பிடித்தேன். அண்ணன், "எதுக்கு பாப்பா இதெல்லாம், நான் எங்க ஓடியாப் போறேன்?" என்றார். எனக்கு எத்தனை வயதானாலும் அவருக்கு நான் பாப்பாதான். ஓடிப் போகவில்லை, உண்மைதான். ஆனால் ஒற்றை ஆள் பெயரில் ஆர்டர் இருந்து அந்த ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஆர்டரும் சிக்கலில் விழும். பிள்ளைகளே, இதை முதலில் செய்யுங்கள்.

அரசுப் பள்ளிகளுக்கு முந்நூறு பெஞ்சு வேண்டும், இரும்புச் சட்டம், மேலே பலகை என்று ஒரு டெண்டர் வந்தது. கிரில் அடிக்கிற பட்டறை பெஞ்சு அடிக்காதா என்று நான் குதித்தேன். எங்களைப் போன்ற சிறு தொழில்களுக்கு அதில் சில சலுகைகளும் இருந்தன. விலை கொடுப்பதற்கு முன்னால் சந்தேகம் கேட்பதற்கென்று ஒரு கூட்டம் வைப்பார்கள். பெரிய கம்பெனிக்காரர்கள் யாரும் அங்கே வாயைத் திறக்க மாட்டார்கள், திறந்தால் போட்டிக்காரனுக்குத் தெரிந்துவிடுமாம். எனக்குத்தான் வாயை மூடத் தெரியாதே. பலகையின் முனை வட்டமா, சதுரமா, இரும்புக்கு எத்தனை கோட்டு பெயிண்ட், எந்தப் பள்ளிக்கூடத்தில் இறக்க வேண்டும், கிடங்கில் இறக்கினால் போதுமா என்று அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் பிறகு எழுத்தில் பதில் வந்தது. வாயால் கேட்டது காற்றோடு போய்விடும், பேப்பரில் வந்தால்தான் நமக்குப் பாதுகாப்பு.

அடுத்தது மாதிரி பெஞ்சு. இங்கேதான் அண்ணனுக்கும் எனக்கும் முதல் சண்டை. அவர் ஒரு வாரம் எடுத்து, பொங்கலுக்குப் புதுத்துணி கட்டுகிற மாதிரி ஒரு பெஞ்சைச் செய்து வைத்திருந்தார். வெல்டிங் எங்கே இருக்கிறது என்றே கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"நல்லா இருக்குண்ணா. இதே மாதிரி முந்நூறு செய்வியா?" என்று கேட்டேன்.

"எல்லாம் எப்டி இதே மாதிரி வரும்? இது சாம்பிள்."

"அவங்க இத்த சீல் வெச்சு உள்ள வெச்சுக்குவாங்க. ஒவ்வொரு பெஞ்சையும் இதுகூட வெச்சுதான் பாப்பாங்க. நாளைக்கு ஒண்ணு மட்டா இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்க."

அண்ணன் பெஞ்சை இன்னொரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, பட்டறைப் பையன்களைக் கூப்பிட்டு, அவர்கள் கையால் ஒன்றைச் செய்யச் சொன்னார். அதைத்தான் மாதிரியாகக் கொடுத்தோம். ஒப்புதலும் ஆனது, ஆர்டரும் வந்தது. அன்று அண்ணி பட்டறை முழுவதற்கும் வஞ்சிர மீன் வறுத்து அனுப்பினார்கள். நாங்கள் தரையில் கால் பாவாமல் நடந்த நாள் அது.

ஆர்டர் வந்ததும் இன்னொரு முட்டாள்தனம் செய்தோம். வெளி வேலை எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். கிரில், கேட், ஷட்டர் எதுவும் எடுக்கவில்லை. எட்டுக் குடும்பம் பட்டறையை நம்பி இருந்தது. இந்த ஆர்டரை நல்லபடியாக முடித்துச் சான்றிதழ் வாங்கினால், அதைக் காட்டி அடுத்து வருகிற பெரிய டெண்டரில் கலந்துகொள்ளலாம். அது வரவில்லையென்றால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான். அவ்வளவையும் அந்த ஒரு சான்றிதழில் வைத்தோம். நீங்கள் அப்படி வைக்காதீர்கள்.

பெஞ்சுகளை லோடு லோடாகக் கல்வித் துறையின் கிடங்குக்கு அனுப்பினோம். பஷீர் பாய் லாரி. வாசலில் ஒவ்வொரு லோடுக்கும் எத்தனை உள்ளே போகிறது என்று எழுதிக்கொள்வார்கள். கிடங்கு அதிகாரியை எல்லோரும் ஸ்டோர் மேடம் என்பார்கள். ரொம்பக் கண்டிப்பு. ஒவ்வொரு பெஞ்சையும் ஆட்டிப் பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், கவிழ்த்துப் போட்டுப் பார்த்தார். ஒன்றையும் ஒதுக்கவில்லை. கடைசி லோடும் இறங்கியதும் வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட உட்கார்ந்தவர், கூட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"முந்நூத்தி ரெண்டு வருதே."

"இருக்காது மேடம், மறுபடி எண்ணிப் பாருங்க," என்றேன் நான்.

அண்ணன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். "சரியாத்தாங்க எண்ணியிருக்காங்க. ரெண்டு கொசுறு."

"என்னது?"

"கொசுறுங்க மேடம். முந்நூறு வாங்கறீங்க. வெறும் முந்நூற மட்டும் எப்டிங்க குடுக்கறது, நல்லாவா இருக்கும்?"

மேடத்தின் முகம் மாறியது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "யாருக்குக் கொசுறு? எனக்கா?"

எனக்கு அந்தக் கேள்வி புரிந்தது, லஞ்சமா என்று கேட்கிறார். அண்ணனுக்குச் சுத்தமாகப் புரியவில்லை. "உங்களுக்குன்னு இல்லீங்க. கவர்மென்ட்டுக்கு," என்றார் பெருமையாக.

அறையில் இருந்த இரண்டு கிளார்க்குகளும் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். அரசாங்கத்துக்கே கொசுறு போட்ட ஆளை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது.

"குறைஞ்சா குறைச்சல்னு எழுதுவேன். அதிகமா வந்தா நான் என்னான்னு எழுதறது? ஆடிட்ல வந்து, எவன் குடுத்தான், எதுக்குக் குடுத்தான்னு கேட்டா நான் என்னா பதில் சொல்றது?" என்றார் மேடம்.

"அவ்ளோதான? இப்பவே எடுத்துக்கினு போயிடறோம் மேடம்," என்றேன்.

"எப்டி எடுத்துட்டுப் போவீங்க? கேட் பாஸ் இல்லாம ஒரு ஆணி வெளிய போகாது."

"கேட் பாஸ் போட்டுக் குடுங்க."

"ஸ்டாக்ல இல்லாத பொருளுக்குக் கேட் பாஸ் போட முடியாதும்மா."

"அப்ப ஸ்டாக்ல ஏத்திட்டுப் போடுங்க."

"ஆர்டர்ல இல்லாத பொருள எப்டி ஸ்டாக்ல ஏத்தறது?"

இப்படி அரை மணி நேரம் சுற்றினோம். அந்த இரண்டு பெஞ்சும் உள்ளேயும் இருக்க முடியாது, வெளியேயும் போக முடியாது. அவை இருக்கும்வரை மற்ற முந்நூறுக்கும் கையெழுத்து கிடையாது. கையெழுத்து இல்லையென்றால் சான்றிதழ் இல்லை. சப்ளை முடிக்க வேண்டிய கடைசி நாள் மறுநாள். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். வெளியே வந்ததும் வேப்ப மரத்தடியில் வைத்து அண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

"யாரக் கேட்டு ஏத்தின?"

"கொசுறு யாரக் கேட்டுப் போடுவாங்க?" என்றார். அந்த நேரத்திலும் அவருக்கு அது ஒரு தப்பாகவே தெரியவில்லை. எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மேடம் நல்லவர்தான். சாயந்திரம் அவரே எங்களைக் கூப்பிட்டனுப்பினார். அவருக்கும் கிடங்குக்குள் வண்டி வண்டியாகப் பெஞ்சு வந்து கையெழுத்தில்லாமல் கிடப்பது தலைவலிதானே. ஒரு வழி சொன்னார். குறையுள்ள பொருளை நிராகரித்து வெளியே அனுப்புவதற்கு ஒரு ஃபாரம் இருக்கிறது. முந்நூற்று இரண்டில் இரண்டு குறையுள்ளவை என்று அண்ணன் ஒப்புக்கொண்டால், அவற்றை நிராகரித்து அனுப்பிவிடலாம், மீதி முந்நூறுக்கும் உடனே கையெழுத்து. காரணம் என்ற கட்டத்தில் வெல்டிங் குறைபாடு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியது, அவ்வளவுதான்.

எனக்கு உயிர் வந்தது. பேனாவை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

"எந்த ரெண்டுலங்க கொற?" என்று கேட்டார்.

"ஏதாவது ரெண்டு, சார். சும்மா பேப்பருக்குத்தான்."

"காட்டுங்க மேடம். கொற இருந்தா இங்கியே ஒடச்சிப் போட்டுட்டுக் கையெழுத்துப் போடறேன்."

ஃபாரத்தை எடுத்துக்கொண்டு நாங்கள் கிடங்குக்குள் போனோம். அண்ணன் வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு பெஞ்சாகத் தட்டினார். மேலே தட்டினார், காலைத் தட்டினார், குனிந்து அடியில் பார்த்தார். நான் பின்னாலேயே போய்க் கெஞ்சினேன், பிறகு திட்டினேன், பிறகு அழுதேன். எட்டுக் குடும்பத்தை நினைச்சுப் பாருண்ணா என்றேன். அதற்கு மட்டும் அவர் நின்றார்.

"அவங்கள நெனச்சிதான் பாப்பா சொல்றேன். இத்தச் செஞ்சது அவங்க கைதான? வெல்டிங் சரியில்லன்னு நான் எழுதிக் குடுத்தா, நாளைக்கு அந்தப் பேப்பரப் பாக்கறவன் அவங்க வேலையத்தான கொற சொல்லுவான்? நான் எழுத மாட்டேன்."

அவர் சொன்னதில் கணக்கும் இருந்தது. தரக் குறைவால் நிராகரிக்கப்பட்டது என்று ஒரு வரி இருந்தால், அடுத்த டெண்டரில் அதுவே எங்கள் காலை வாரும். ஆனால் கையில் சான்றிதழே இல்லாதவனுக்குக் கால் எங்கே, கை எங்கே? அன்று இரவு அண்ணியிடம் போனில் புலம்பினேன். அண்ணி எப்போதும் போல இரண்டு வார்த்தைதான் பேசினார்கள். "அவுரு எழுத மாட்டாரு. நீ வேற எதனா வழியப் பாரு."

மறுநாள், கடைசி நாள். காலையில் கிடங்கு திறக்கும்போதே நானும் அண்ணனும் வாசலில் நின்றோம். பாய் லாரியையும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார், எதற்கு என்று அவருக்கும் தெரியாது. மேடம் மறுபடி அந்த ஃபாரத்தை நீட்டினார். காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது. இரவெல்லாம் தூங்காத எரிச்சல், பசி, எல்லாம் சேர்ந்து எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"மேடம், நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. இந்தக் கட்டத்துல குறைன்னுதான் எழுதணும்னு சட்டமா? நேத்துலேருந்து அதிகம் அதிகம்னு நீங்கதான் எங்கள வெளிய துரத்தறீங்க. அதிகம்னே எழுதறதுதான? உண்மைய எழுதினா பேனா ஒடிஞ்சிடுமா?"

சொல்லி முடித்ததும் எனக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதிகாரியிடம் பேசுகிற பேச்சா இது? அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார். மேடம் ஃபாரத்தைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். பின்பக்கத்தைப் படித்தார். அலமாரியிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து, விரலை வைத்து ஒரு பக்கத்தை முழுவதும் படித்தார். போனை எடுத்து மேலதிகாரியிடம், "சார், ரிஜெக்ஷனுக்குக் காரணம் குறையாத்தான் இருக்கணும்னு எங்கியும் இல்ல சார்... இல்ல சார், பொருள் நல்லாருக்கு... ஆமா சார், அதிகமாத்தான் குடுத்திருக்காங்க... தெரியல சார், கொசுறாம்," என்றார். அந்தப் பக்கத்தில் சிரித்தது எனக்கே கேட்டது.

போனை வைத்துவிட்டு மேடம் பேனாவைத் திறந்தார். நானும் அண்ணனும் மேசைமேல் குனிந்து பார்த்தோம். கிளார்க்குகள் இருவரும் எழுந்து வந்து பின்னால் நின்று பார்த்தார்கள். நிதானமாக, கொட்டை எழுத்தில் எழுதினார். இரண்டு பெஞ்சுகள் நிராகரிக்கப்படுகின்றன. காரணம்: ஆர்டருக்கு மேல் அதிகம். பொருளில் குறை ஏதும் இல்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தை நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவராக எழுதினார்.

அண்ணன் கையெழுத்துப் போட்டார். முந்நூறுக்கும் கையெழுத்தானது. கேட் பாஸ் கிடைத்தது. லாரியில் வந்திருந்த எங்கள் பையன்கள் இரண்டு பெஞ்சையும் சாமியைத் தூக்குகிற மாதிரி தோளில் தூக்கி வந்து லாரியில் ஏற்றினார்கள். அண்ணன் முன்னால் உட்கார மாட்டேன் என்று பின்னால் ஏறி, திருப்பி அனுப்பப்பட்ட பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார். நானும் ஏறிக்கொண்டேன். தட்டாஞ்சாவடி வரும்வரை அந்தக் காகிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். "பாத்தியா பாப்பா, நம்மள ரிஜெக்ட் பண்ணிட்டாங்க," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிக்னலில் பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து ஜனங்கள் எங்களைப் பார்த்தார்கள். நானும் கையை ஆட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு லாரியில் போனதில்லை.

சான்றிதழ் வந்தது, திருப்திகரம் என்றே வந்தது. பெரிய டெண்டர் எங்களுக்குக் கிடைத்தது. அதன் பிறகு கட்டில், அலமாரி, மேசை என்று எத்தனையோ ஆர்டர். வெளி வேலையையும் இனி விடுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். பிள்ளைகளே, அரசாங்கம் கேட்டதைக் கேட்ட அளவில், கேட்ட நாளில் கொடுங்கள். கூடுதலாக ஏதாவது நல்லது செய்யத் தோன்றினால் ஆர்டருக்கு முன்னால் அந்தக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள், பிடித்திருந்தால் அவர்களே அதை ஆர்டரில் சேர்த்துக்கொள்வார்கள். எங்களுக்கு அப்படி ஒரு முறை நடந்திருக்கிறது. செய்யாத குறையைச் சும்மா பேப்பருக்குத்தானே என்று எழுதிக் கொடுக்காதீர்கள். கோபம் வந்தால் வாயை விட்டுப் பாருங்கள், சில நேரம் வேலைக்காகும். இதை மட்டும் உங்கள் அம்மாக்களிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

அண்ணன் திருந்தினாரா என்றால், எங்கே திருந்தினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கடைசி லோடும் கிளம்பும்போது நான் கையில் ஆர்டரை வைத்துக்கொண்டு லாரிக்குப் பின்னால் நின்று எண்ணுவேன். எப்படியும் ஒன்று கூடுதலாக இருக்கும். தார்ப்பாயின் அடியில் இருக்கும், கட்டிலுக்குள் கட்டில் செருகி இருக்கும். நான், "இறக்குங்க," என்பேன். அண்ணன், "தெரியாம ஏத்திட்டானுங்க பாப்பா," என்று பையன்கள் மேல் பழியைப் போட்டுவிட்டு ஷெட்டுக்குள் நழுவிவிடுவார். பாய் சிரித்துக்கொண்டே கயிற்றை அவிழ்ப்பார். கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டுவதற்கென்றே பாய் அரை மணி நேரம் முன்னால் வருவார். எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். எத்தனை கத்தியும் அவர் அதை விடவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். அண்ணனைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் நர்ஸ் அம்மாக்களுக்கும், ரத்தம் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும், துக்கத்தில் வந்து தோள் கொடுத்த கடற்கரை உறவுகளுக்கும், பக்கத்துப் பட்டறைக்காரர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் தலை வணங்குகிறது. ஓய்வு பெற்ற பிறகும் வீடு தேடி வந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஸ்டோர் மேடத்துக்குத் தனியாக ஒரு வணக்கம். ஒரு சொல்லும் எதிர்த்துப் பேசாமல், என்னையும் அண்ணனையும் இத்தனை வருடம் பொறுத்துக்கொண்ட அண்ணிக்கு என்ன எழுதினாலும் போதாது.

எல்லோரையும் விட, எங்கள் பட்டறையின் எட்டுக் குடும்பத்துக்கு. அண்ணன் போன மறுவாரமே பட்டறையைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல், அவர் பாதியில் விட்டுப் போன ஆர்டரைத் தேதிக்குள் முடித்தார்கள். அவருக்கு நான் கொடுத்த வாக்கை அவர்கள்தான் காப்பாற்றினார்கள். கடைசி லோடு கிளம்பிய அன்று பாய் வழக்கம்போல அரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார். நான் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு லாரிக்குப் பின்னால் நின்று எண்ணினேன். சரியாக இருந்தது. நம்பாமல் மறுபடி எண்ணினேன். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். பாயும் இறங்கி வந்து என்னோடு எண்ணினார். ஆர்டரில் எத்தனையோ அத்தனையேதான் இருந்தது. இறக்கச் சொல்ல ஒன்றுமே இல்லை.